மருத்துவமனையா, மறுவாழ்வு இல்லமா, வாராந்திரக் கூட்டமா, வாடகை அறையா: தெருவில் இருக்கும் ஒருவருக்கு நம் சபை எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

குடியினால் வேலையையும் குடும்பத்தையும் இழந்து, கடைசியில் நடைபாதைக்கு வந்துவிட்ட ஒருவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் சபைக்கு இந்த ஆண்டு மறுபடியும் வந்திருக்கிறது. தேவாலயத்துக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் மூன்று மாதமாகப் படுத்திருக்கும், ஐம்பது வயதைக் கடந்த ஒரு மனிதர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் வந்து, இதை விட்டுவிட வேண்டும் என்று தன் வாயாலேயே சொன்னார். அன்று மாலை கூடிய சபைக் குழுவில் நான்கு கருத்துகள் எழுந்தன. அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் உடனே சேர்க்க வேண்டும் என்றார் ஒரு செவிலியர் சகோதரி. நகரத்துக்கு வெளியே விசுவாசிகள் நடத்தும் மறுவாழ்வு இல்லத்துக்கு ஓராண்டு அனுப்பலாம் என்றார் மூப்பர் ஒருவர். நம் வளாகத்திலேயே வாரம் ஒருமுறை குடிநோயாளிகளுக்கான கூட்டம் நடத்தலாம் என்பது இளைஞர்களின் யோசனை. முதலில் தலைக்கு மேல் ஒரு கூரை, பிறகுதான் மற்றதெல்லாம் என்பது நான்காவது கருத்து.

நான்கையும் சொன்னவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். ஆனாலும் இவை ஒன்றுக்கொன்று மாற்றானவை என்பதுபோலப் பேச்சு போனது. எது சிறந்தது என்று வாக்கெடுப்பு நடத்தும் நிலை வந்தபோது, ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். என் அண்ணன் பதினான்கு ஆண்டுகள் குடித்தவர், அதில் கடைசிப் பதினொரு மாதங்களை எழும்பூர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் கழித்தவர், இப்போது ஏழு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருப்பவர் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். அவர் இந்த நான்கு வழிகளிலும் போனவர், ஆனால் தவறான வரிசையில் போனவர். அந்த வரிசைப் பிழைக்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை எழுத முடியாது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். மத்திய அரசுக்காக தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஓர் உதவி கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர்கள் 180 பேருக்கு ஒருவர். அதாவது நாம் நான்கு வழிகளை வைத்து வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, மிகப் பெரும்பாலானோருக்கு ஒரு வழிகூடத் திறக்கவில்லை. ஆகையால் எதையும் மட்டம் தட்டும் நோக்கம் எனக்கு இல்லை.

மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாங்கள் அங்கிருந்து தொடங்கவில்லை. அண்ணனை நடைபாதையிலிருந்து எழுப்பி, குளிக்க வைத்து, அன்றைக்கே ஒரு மறுவாழ்வு இல்லத்துக்குக் கொண்டுபோய் விட்டோம். அங்கே மருத்துவர் இல்லை. இரண்டாம் நாள் கை நடுக்கமும் வியர்வையும் கண்டது. மூன்றாம் நாள் இரவு வலிப்பு வந்தது. அதன் பிறகு சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் அலறியிருக்கிறார். அந்த இல்லத்தின் சகோதரர்கள் அதைப் பிசாசின் அலைக்கழிப்பு என்று உண்மையாகவே நம்பி, அவரைச் சுற்றி நின்று விடிய விடிய ஜெபித்திருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீரை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அன்றிரவு அவருக்குத் தேவைப்பட்டது மருந்து. காலையில் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது, இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் பணியில் இருந்த மருத்துவர்.

இதன் உடலியல் எளிமையானதுதான். ஆண்டுக்கணக்கில் தினமும் மதுவால் அமுக்கப்பட்ட மூளை, அது திடீரென்று நிறுத்தப்பட்டதும் கட்டுமீறித் துள்ளுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் வரை வலிப்பு வரலாம். இரண்டாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் இடையில் காய்ச்சலும் குழப்பமும் மாயக்காட்சிகளும் இதயப் படபடப்புமாக ஒரு நிலை வரலாம், அதைக் கவனிக்காவிட்டால் மரணம் வரை போகும். மூளையின் துள்ளலை அடக்கும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைத் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதன் மூலம் இதைப் பெருமளவு தவிர்த்துவிடலாம். கூடவே தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்தையும் ஊசியாகச் செலுத்துவார்கள். தெருவில் சரியான சாப்பாடின்றி இருந்தவருக்கு இந்தத் தயாமின் மிக முக்கியம்; அது இல்லாமல் போனால் நினைவாற்றல் நிரந்தரமாகச் சிதையக்கூடும். காசநோய், கல்லீரல் பாதிப்பு, ஆறாத கால் புண் ஆகியவற்றையும் அதே வாரத்தில் பரிசோதித்துவிடலாம். ஆகவே முதல் பத்து நாள் எங்கே என்ற கேள்விக்கு மருத்துவமனை என்பதைத் தவிர வேறு பதிலை நான் ஏற்க மாட்டேன்.

தமிழகத்தில் இதற்கான இடங்கள் இல்லாமல் இல்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. குடிநோயில் தன் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் அவருடைய பெயரில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. குடிநோயாளியோடு குடும்பத்தாருக்கும் சேர்த்துச் சிகிச்சை திட்டமிடுவது அதன் சிறப்பு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தினரும் உடன் தங்கும் முறை நெடுங்காலமாக உண்டு. எங்கே அழைப்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

ஆனால் மருத்துவமனையின் எல்லையும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. உடன் இருப்பவர் யார் என்று கேட்பார்கள், முகவரி கேட்பார்கள், வீடற்றவருக்கு இரண்டும் இல்லை. சில வாரங்களில் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை வெளியே வந்தார், கையில் ஒரு மாத்திரைப் பட்டை இருந்தது, போவதற்கு இடம் இல்லை. நாங்கள் அழைத்துப் போகத் தயங்கினோம் என்பதே உண்மை. திங்கட்கிழமை டாஸ்மாக் வாசலில் அவரைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார். உடம்பைத் தெளியவைப்பது வேறு, தெளிந்த உடம்போடு எங்கே போவது என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு எந்த மருத்துவமனையும் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை.

கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லத்தின் பலம் தொடங்குவது இந்த இடத்தில்தான். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. வில்லியம் பூத்தும் கேத்தரின் பூத்தும் 1865-ல் லண்டனின் கிழக்குப் பகுதியில் தொடங்கிய ஊழியமே பின்னாளில் இரட்சணிய சேனையாகி, 1882-ல் இந்தியாவுக்கும் வந்தது. 1958-ல் நியூயார்க்கின் தெருக்களுக்கு வந்த போதகர் டேவிட் வில்கர்சனின் பணியிலிருந்து டீன் சேலஞ்ச் இல்லங்கள் பிறந்தன. 1985-ல் மாட்ரிட் நகரின் சான் பிளாஸ் பகுதியில், ஹெராயினுக்கு அடிமையான இளைஞர்கள் நடுவில் மிஷனரிகள் தொடங்கிய பெத்தேல் இல்லங்கள், மரச்சாமான் பழுதுபார்த்தல், பழைய பொருள் விற்பனை போன்ற தொழில்களால் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்கின்றன. இவற்றில் பொதுவாக இருப்பது நேரம். மருத்துவமனை தருவது வாரங்கள், இல்லம் தருவது ஓராண்டு அல்லது அதற்கும் மேல். விடியற்கால ஜெபம், குறித்த நேரத்தில் சாப்பாடு, பகலெல்லாம் வேலை, இரவில் வேத தியானம் என்று நாள் முழுவதும் ஓர் ஒழுங்கில் போகிறது. அருகில் படுத்திருப்பவரும் வழிநடத்துபவரும் அதே குழியிலிருந்து ஏறியவர்கள். பெரும்பாலும் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. அண்ணன் இரண்டாம் முறை வேறொரு இல்லத்துக்குப் போய்ப் பத்து மாதம் தங்கினார். அங்கேதான் காலையில் எழுந்ததும் படுக்கையை மடிக்கும் பழக்கம் அவருக்குத் திரும்பி வந்தது. அது எங்கள் அம்மாவை எவ்வளவு அழ வைத்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இல்லத்துக்கு இல்லம் வேறுபாடு மிக அதிகம், ஆகவே அனுப்புவதற்கு முன் சில கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், எவரையும் சங்கிலியால் கட்டுவது எந்த விதத்திலும் கூடாது என்று சொல்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, விசுவாசத்தோடு குணம் தேடி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு கிடந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அது வேறொரு மதத்தின் புனிதத் தலத்துக்கு அருகில் நடந்தது என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது; கதவைப் பூட்டிவிட்டுக் கடவுளின் பெயரைச் சொல்லும் எந்த இல்லத்துக்கும் அது பொருந்தும். எந்த மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், மருத்துவர் எழுதிய மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்களா, குடும்பத்தார் தடையின்றி வந்து பார்க்கலாமா, வேலைக்கு என்ன தருகிறார்கள், கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் ஜெபக்கூட்டத்தில் உட்கார விரும்பாவிட்டால் அவருடைய சோறும் படுக்கையும் பாதிக்கப்படுமா என்பவற்றைக் கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற இல்லத்துக்கு யாரையும் நான் அனுப்ப மாட்டேன். பசியை வைத்து வாங்கும் விசுவாசம் கிறிஸ்துவுக்கு மரியாதை சேர்க்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதமே ஒருவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கும் வழக்கம் நம் சபைகளில் பரவலாக இருக்கிறது. கேட்பவர்களுக்கு அது பெரிய உற்சாகம். ஆனால் மேடையில் ‘முழு விடுதலை’ என்று அறிவித்தவர் அடுத்த மாதம் சறுக்கினால், அதை எவரிடமும் சொல்ல முடியாமல் மறைத்துக் குடிப்பார், பிறகு வெட்கத்தினால் சபைக்கே வராமல் போவார். குடிநோயில் சறுக்கல் அபூர்வமானதல்ல, எதிர்பார்க்க வேண்டியது. சறுக்கினாலும் திரும்பி வரலாம் என்ற கதவைச் சாட்சி மேடை அடைத்துவிடக் கூடாது.

இல்லத்தின் உண்மையான சோதனை, அவர் வெளியே வரும் நாளில்தான் நடக்கிறது. ஜெரி மக்காலி என்பவரின் வரலாறு இதை நன்றாகக் காட்டுகிறது. அயர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் திருடனாகவும் குடிகாரனாகவும் வளர்ந்த அவர், சிங் சிங் சிறையில் இருந்தபோது மனம் மாறினார். அந்த மாற்றம் பொய்யல்ல. ஆனால் விடுதலையாகி வந்தபோது அவரை எதிர்கொண்டு அழைத்துப்போக ஒரு விசுவாச நண்பர்கூட இல்லை. பழைய தெருவுக்கே போனார், பழையபடி விழுந்தார், ஒருமுறையல்ல, பலமுறை. கடைசியில் எழுந்து நின்றவர், 1872-ல் வாட்டர் தெருவில், தன்னைப்போல வந்து விழுபவர்களுக்காக ஓர் ஊழியத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் தெருவோர மீட்பு இல்லங்களுக்கு அதுவே முன்னோடி. அவருடைய மனமாற்றம் நடந்தது சிறைக்குள். அது நிலைப்பதற்குத் தேவைப்பட்டது வெளியே இருந்த மனிதர்கள்.

வாராந்திரக் கூட்டம் என்ற மூன்றாம் வழியின் தோற்றமும் நம் வாதத்தைத் தெளிவாக்குகிறது. குடிநோயாளிகள் கூடி ஒருவருக்கொருவர் துணைநின்று மீளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன், 1934-ன் இறுதியில் நியூயார்க்கில் ஒரு தேவாலயம் நடத்திய மீட்பு இல்லத்துக்கும் போனார், டவுன்ஸ் மருத்துவமனையிலும் சேர்ந்தார். அங்கே படுக்கையில் இருந்தபோது கிடைத்த ஆன்மிக அனுபவத்துக்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. ஆனால் சில மாதங்களில், ஆக்ரன் நகரில் தொழில் தோல்வியோடு ஒரு விடுதியில் தனியாக நின்றபோது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் மருத்துவர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐயே அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். மருத்துவமும் விசுவாசமும் தோழமையும் அந்த வரலாற்றில் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருந்தன. நாம்தான் பின்னாளில் அவற்றைப் பிரித்துவைத்துப் போட்டியிட வைக்கிறோம்.

ஏ.ஏ. கிறிஸ்தவ அமைப்பல்ல, ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று மட்டுமே அதன் பன்னிரண்டு மீட்புப் படிகள் சொல்கின்றன. கிறிஸ்துவின் பெயரை வெளிப்படையாகச் சொல்லும் கூட்டம் வேண்டும் என்று விரும்பியவர்கள், 1991-ல் கலிபோர்னியாவின் சேடில்பேக் சபையில் செலிபிரேட் ரிகவரி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனங்களை அடிப்படையாகக் கொண்ட எட்டுக் கொள்கைகள் அதற்கு உண்டு. எங்கள் இளைஞர்கள் விரும்புவது இந்த இரண்டாவது வகை. நான் இப்போதைக்கு முதல் வகையையே பரிந்துரைக்கிறேன். எங்கள் சபையில் குடித்து மீண்டவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர் என் அண்ணன் ஒருவர்தான். குடிக்காதவர்கள் நடத்தும் குடிநோயாளிகள் கூட்டம் நான்கு வாரத்தில் பிரசங்கமாகிவிடும். ஏற்கெனவே நகரில் நடக்கும் ஏ.ஏ. குழுவுக்கு நம் வகுப்பறை ஒன்றை மாலையில் திறந்துவிட்டால் போதும். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் உள்ளடக்கி 2020-ல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் மீளாய்வு, தொடர்ச்சியாகக் குடிக்காமல் இருப்பதில், இந்த வழிக்கு ஆட்களை முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாகவே இருக்கின்றன என்று கண்டது. செலவு ஏறத்தாழ இல்லை. குடும்பத்தாருக்கு 1951-ல் தொடங்கிய அல்-அனான் குழுக்களும் உண்டு. என் அம்மாவுக்குத் தூக்கம் திரும்பியது அங்கே போன பிறகுதான்.

இருந்தாலும் பேருந்து நிறுத்தத்தில் படுத்திருப்பவருக்கு இது மட்டும் போதாது. கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; மீதி நேரத்துக்கு அவர் திரும்பிப் போவது அதே நடைபாதைக்கு, அதே கூட்டாளிகளிடம்.

நான்காவது வழி, கூரை. குடியை விட்டால்தான் வீடு என்று நிபந்தனை போடாமல் முதலிலேயே வீட்டைக் கொடுத்துவிடும் முறையை உளவியலாளர் சாம் செம்பெரிஸ் 1992-ல் நியூயார்க்கில் தொடங்கினார். கனடாவின் ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு நடத்தப்பட்ட பெரிய சோதனையில், இப்படி வீடு பெற்றவர்கள் வீட்டிலேயே நிலைத்திருப்பது தெளிவாகக் கூடியது. ஆனால் போதைப் பழக்கம் குறைவதில் மற்றவர்களைவிடப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எனவே கூரை தெருவைக் குணப்படுத்தும், குடியைத் தானாகக் குணப்படுத்தாது. நம் ஊரில் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள் இருக்கின்றன. மழைக்கும் இரவுக்கும் அவை பெரிய உதவி, ஆனால் ஒரு பொது மண்டபத்தில் பாய் விரித்துப் படுப்பவருக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு சாவி கிடைப்பதில்லை. சென்னையில் 1993-ல் தொடங்கிய பேனியன் அமைப்பு, மனநோயோடு தெருவில் இருந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு எடுத்த வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்திக் காட்டியிருக்கிறது. அண்டை வீட்டார் இருக்கும் தெருவில் வாழ்வதே ஒரு சிகிச்சை என்பதை நாம் அவர்களிடமிருந்து கற்கலாம்.

இவற்றை ஒப்பிட்டபோது எனக்குத் தெளிவாவது, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முடிவு நம் முன் இல்லை என்பதே. நல்ல சமாரியன் முதலில் காயத்தைக் கட்டினான், பிறகு சத்திரத்துக்குக் கொண்டுபோனான், பிறகு செலவுக்குப் பணம் கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். நாம் பெரும்பாலும் சத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மருத்துவமனையும் இல்லமும் ஏ.ஏ. குழுவும் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை நாம் உருவாக்க வேண்டியதில்லை. எங்குமே இல்லாதது, அந்த மனிதர் வெளியே வரும் நாளில் வாசலில் நிற்கும் ஆட்களும் அவருக்கான ஓர் அறையும். சபையின் பணமும் ஆட்களும் அங்கே போக வேண்டும் என்பது என் பரிந்துரை. அண்ணன் கடைசி முறை இல்லத்திலிருந்து வந்தபோது நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஓர் அறைக்கு வாடகை கொடுத்தோம். ஞாயிறு மதியச் சாப்பாடு முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும். மாலை ஆறு மணிக்கு, அதாவது அவருக்குக் கால்கள் தாமாகக் கடையை நோக்கி நடக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் தொலைபேசியில் அழைப்பது என்று வைத்துக்கொண்டோம். முதல் ஆண்டில் இரண்டு முறை சறுக்கினார். இரண்டு முறையும் அறை அவருடையதாகவே இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர் கடந்த வியாழக்கிழமை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; செவிலியர் சகோதரியும் என் அண்ணனும் மாறி மாறி உடன் இருக்கிறார்கள். இன்று ஏழாம் நாள், நடுக்கம் நின்றுவிட்டது, கஞ்சி குடிக்கிறார். இல்லத்துக்குப் போக விருப்பமா, நேராக அறைக்கு வந்து மாலைக் கூட்டத்துக்குப் போக விருப்பமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். இரண்டுக்கும் நாம் தயாராக இருக்க வேண்டும். வரும் புதன்கிழமைக்குள் அறைக்கு முன்பணம் கட்டியாக வேண்டும், மூன்று குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன, இன்னும் ஒரு குடும்பம் தேவை.